ஒன்பது டன் ஏற்றிய ஸ்கூட்டி

செப்டம்பர் 23, திங்கள்

காலை 152/98.

டாக்டர் சொல்லித்தான் இந்த நோட்டு. தினமும் பிரஷர் பார்த்து எழுத வேண்டும், பக்கத்தில் அன்றைக்கு மனதைக் குடைந்த விஷயத்தையும் நாலு வரி எழுத வேண்டும், மாதம் ஒருமுறை கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார். "உப்பைக் குறைங்க, ஊறுகாயை விடுங்க, உள்ள இருக்கிறதைப் பேப்பர்ல இறக்குங்க." முதல் இரண்டும் என் மனைவி மேகலாவின் இலாகா. மூன்றாவது எனக்குப் பழக்கமான வேலைதான்.

டாக்டர் படிப்பதற்காக முறைப்படியே தொடங்குகிறேன். பெயர் கோதண்டம். வயது நாற்பத்தேழு. வீடு பொன்னேரி. முன்பு ஒரு டிவி தொழிற்சாலையில் பதினோரு வருஷம் டிவி பூட்டினேன். அதை மூடிவிட்டார்கள். இப்போது கும்மிடிப்பூண்டிப் பக்கம் பழைய டிவி, கம்ப்யூட்டர், செல்போன்களை உடைத்துப் பிரிக்கும் கம்பெனியில் ஆவணப் பொறுப்பாளர். பூட்டினவனே பிரிக்கிறான் என்று மேகலா கேலி செய்வாள். உண்மையில் நான் திருப்புளியைத் தொட்டு ஆறு வருஷம் ஆகிறது. என் வேலை எழுதுவது.

டிவி விற்கிற பெரிய கம்பெனிகள், தாங்கள் விற்பதற்கு ஏற்றபடி இத்தனை டன் பழைய சாமான் பத்திரமாக அழிக்கப்பட்டது என்று அரசுக்குக் காட்டியாக வேண்டும். அவர்கள் தெருத்தெருவாக வந்து பழைய டிவி பொறுக்குவார்களா? எங்களைப் போல அங்கீகாரம் பெற்ற கம்பெனிகள் அழித்துச் சான்றிதழ் கொடுக்கிறோம், அவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். எத்தனை டன் வந்தது, எந்த லாரியில் வந்தது, என்ன ஆனது என்று இணையதளத்தில் ஏற்றுவது நான். என் தமிழும் நன்றாக இருக்கும், ஆங்கிலமும் பிழையில்லாமல் இருக்கும் என்று முதலாளியே சொல்வார்.

மனதைக் குடைவது ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

150/96. ஊறுகாய் தொடவில்லை. மனதைக் குடைவது ஊறுகாய்தான்.

செப்டம்பர் 27, வெள்ளி

148/94.

முதலாளி கிருபாகரன் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு பழைய இரும்பு வியாபாரியைப் பார்க்கப் போனார். கிருபாகரனுக்கு முப்பத்தெட்டு வயசு, இன்ஜினியர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வங்கியில் கடன் வாங்கி, பெரிய அரவை இயந்திரம் ஒன்றை இறக்கினார். ஒரு பக்கம் கம்ப்யூட்டரைப் போட்டால் மறுபக்கம் செம்பு தனி, இரும்பு தனி, பிளாஸ்டிக் தனி என்று வந்து விழும். தூசியைக்கூட வெளியே விடாது. ஒரு நாளைக்கு எட்டு டன் தின்னக்கூடிய ஜீவன் அது. எங்களுக்கு வாரத்துக்கே ஒன்றரை டன்தான் வருகிறது. இயந்திரம் வாரத்தில் ஆறு நாள் பட்டினி.

வியாபாரி பெயர் முருகையன். டயர் மேல் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டே பேசினார்.

"சார், நீங்க நல்லவருதான், இல்லங்கல. ஆனா உங்களாண்ட சரக்க குடுத்தா எடை போடுவீங்க, பில்லு போடுவீங்க, பதினஞ்சு நாள் கழிச்சி பேங்க்குல போடுவீங்க. தெருவுல கூவிக்கினு போயி எடுத்தாறவனுக்கு நான் அப்பவே கையில வெக்கணும் சார். இல்லன்னா நாளைக்கி அவன் வேற கடைக்கிப் பூடுவான்."

"இங்க என்ன பண்றீங்க முருகையன்? எரிக்கிறீங்க. அது தப்பில்லையா?" என்றார் கிருபாகரன்.

"தப்புதான். உங்க மிசினுக்கு கரண்ட்டு, லைசென்சு, டெஸ்ட்டு, மாஸ்க்கு. இங்க ஒரு தீக்குச்சி. நீங்களே சொல்லுங்க, எவன் உங்களாண்ட வருவான்?"

நான் கொல்லைப்புறம் போய்ப் பார்த்தேன். வயர்க் குவியல் எரிந்துகொண்டிருந்தது. புகை கறுப்பாக மட்டும் இல்லை, நடுவில் பச்சையும் தெரிந்தது. ஒரு பெண் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் தொட்டியில் அமிலத்துக்குள் போர்டுகளைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தாள். முழுக்கைச் சட்டையும் பையில் பேனாவுமாக நின்ற என்னைப் பார்த்து, "டாக்டருங்களா? இருமலுக்கு எதுனா எழுதிக் குடுங்களேன்" என்றாள். நான் டாக்டர் இல்லை, ஆவணப் பொறுப்பாளர் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. திரும்பக் கிளற ஆரம்பித்தாள்.

எங்களுக்கு வர வேண்டிய சரக்கெல்லாம் அங்கேதான் கிடந்தது. நான் பூட்டிய பிராண்ட் டிவிகூட இரண்டு பார்த்தேன்.

அக்டோபர் 3, வியாழன்

156/100.

இனி இந்த நோட்டை டாக்டரிடம் காட்டப் போவதில்லை. அவருக்குப் பிரஷர் மட்டும் எழுத வேறு சின்ன நோட்டு வாங்கிவிட்டேன். இதிலும் இரண்டு கணக்கா என்று எனக்கே சிரிப்பு வந்தது.

சரக்கு வராவிட்டாலும் சான்றிதழ் போக வேண்டும், இல்லாவிட்டால் கம்பெனியை மூட வேண்டியதுதான். ஆகவே வராத சரக்கையும் வந்ததாக ஏற்றுகிறேன். முருகையன் கொல்லையில் எரிகிற டிவி என் காகிதத்தில் பத்திரமாக அழிகிறது. ஒவ்வொரு லோடுக்கும் லாரி எண் கேட்கும். முன்பு எங்கள் ஒரே லாரியின் எண்ணையே திரும்பத் திரும்பப் போட்டேன், ஒரே வண்டி ஒரு நாளில் ஏழு முறை எப்படி வந்தது என்று இணையதளம் மறுத்துவிட்டது. அதிலிருந்து ஒரு வழி வைத்திருக்கிறேன். காலையில் பஸ்சுக்கு நிற்கும்போது கல்கத்தா நெடுஞ்சாலையில் போகிற லாரிகளின் எண்களைச் சின்ன டைரியில் குறித்துக்கொள்வேன். அசல் லாரி, அசல் எண். என்ன ஏற்றிப் போகிறது என்பது அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை.

டீக்கடைக்காரர் இன்று அக்கறையாகக் கேட்டார்: "இன்னும் கெடைக்கலயா சார் உங்க லாரி?" ஏதோ லாரியைப் பறிகொடுத்துவிட்டுத் தேடுகிறேன் என்று வெகு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறார். கிடைக்கவில்லை என்றேன். பாவம், டீக்குக் காசு வாங்கவில்லை.

அக்டோபர் 9, புதன்

154/96.

எடைமேடையில் இருப்பவள் திலகவதி. முப்பத்துநாலு வயசு. பிளஸ் டூ படித்தவள். கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், ஒரு பெண் குழந்தை. லாரி ஏறி நின்றதும் எடையைப் பார்த்துச் சீட்டு அச்சிட்டுக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. வராத லாரிக்கும் அவள் கையெழுத்து வேண்டும். அதற்காக மாதம் ஒருமுறை வெற்றுச் சீட்டுக் கட்டை எடுத்துப் போவேன். அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவாள். பிறகு நான் கம்ப்யூட்டரில் அவள் பெயரில் நுழைந்து அச்சிட்டுக்கொள்வேன்.

"இன்னா சார், இம்மாஞ் சீட்டா? கை வலிக்கிது" என்று சிரித்துக்கொண்டே போட்டாள்.

"எதுக்குன்னு கேக்க மாட்டியாம்மா?"

"நீங்க குடுத்தா சரியாத்தான் சார் இருக்கும்."

அங்கன்வாடிப் பணியாளர் வேலைக்கு நேர்காணல் முடிந்து பட்டியலில் பெயர் வந்திருக்கிறதாம். போலீஸ் விசாரணை முடிந்தால் உத்தரவு வந்துவிடும். "பொங்கலுக்குள்ள வந்துடும் சார். அப்புறம் இந்தத் தூசி கெடையாது. கொழந்தைங்களோட இருப்பேன்" என்றாள். மாமியார் சாமிக்குக் காசு முடிந்து வைத்திருக்கிறாராம்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. 150/94.

அரவை இயந்திரத்துக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் வைத்து, பத்து நிமிஷம் ஓட்டினார்கள். அதற்குள் போட ஒரு பழைய பிரிண்டரைத் தேட வேண்டியிருந்தது. என் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்தார்கள். என் பேனாவுக்கு நானே வைத்தேன்.

என் ஜன்னலுக்கு நேர் எதிரே எடைமேடைக் கூண்டு. அதன் நிழலில்தான் திலகவதி தன் ஸ்கூட்டியை நிறுத்துவாள். இன்று அதைக் கழுவித் துடைத்து, சாமந்தி மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கினாள். நம்பர் பிளேட்டைத் தனியாகத் துணியால் தேய்த்து ஒவ்வொரு எழுத்தின் மேலும் சின்னதாகக் குங்குமம் வைத்தாள். கடைசி நாலு எண் 4471. புது வண்டி மாதிரி பளபளவென்று இருந்தது. எனக்குப் பொரி, சுண்டல் கொண்டுவந்து கொடுத்தாள். சுண்டலில் உப்பு ஜாஸ்தி, சாப்பிட்டுவிட்டேன்.

அக்டோபர் 14, திங்கள்

158/100.

மின்கழிவு தினமாம். என் மகள் படிக்கிற பள்ளியில் பேசக் கூப்பிட்டார்கள். தலைமையாசிரியை சால்வை போட்டார். நான் இருபது நிமிஷம் பேசினேன். ஈயம் மூளையைப் பாதிக்கும், பாதரசம் நிலத்தடி நீரில் கலக்கும், பழைய செல்போனைக் குப்பையில் போடாதீர்கள், அங்கீகாரம் பெற்ற இடத்தில் கொடுங்கள். எல்லாம் உண்மைதான். ஒரு வார்த்தை பொய் இல்லை.

பிள்ளைகள் வீடுகளிலிருந்து கொண்டுவந்து சேர்த்த பழைய போன், சார்ஜர், ரிமோட் எல்லாம் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருந்தது. ஒரு பெண் எழுந்து, "அங்கிள், இது எல்லாத்தையும் நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். இயந்திரத்தைப் பற்றிச் சொன்னேன். கை தட்டினார்கள். என் மகளும் தட்டினாள், எல்லாரையும்விடப் பலமாக. எனக்குச் சால்வைக்குள் வேர்த்துக்கொட்டியது.

பெட்டி இப்போது என் மேஜைக்கு அடியில் இருக்கிறது. அந்தப் பத்துக் கிலோவுக்காக இயந்திரத்தை ஓட்ட மாட்டார்கள். வெட்கமாக இருக்கிறது என்று எழுதத்தான் வந்தேன், எழுதிவிட்டேன்.

அக்டோபர் 16, புதன்

பிரஷர் பார்க்கவில்லை. பேட்டரி தீர்ந்துவிட்டது.

இரண்டு நாளாகப் பேய் மழை. நெடுஞ்சாலையில் லாரியே இல்லை, நின்று எழுதவும் வழியில்லை. காலாண்டுக் கணக்கு ஏற்ற இன்றைக்குள் கடைசி என்று கிருபாகரன் மூன்று முறை போன் செய்துவிட்டார். மகேந்திரா வேன் ஒன்று அனுப்பி என்னைக் கூட்டிப்போனார்கள். ஆபீஸில் நான், காவலாளி, திலகவதி மூன்று பேர்தான். கணவரின் ஆட்டோ தண்ணீரில் நின்றுவிட்டதால், காலையில் மழை சற்று விட்டபோது ஸ்கூட்டியிலேயே வந்துவிட்டாளாம்.

நாற்பத்தோரு லோடு ஏற்ற வேண்டும். டைரியில் முப்பது எண்கள்தான் இருந்தன. மீதி பதினொன்றை எப்படியோ நிரப்பினேன். கை தானாகப் போட்டுக்கொண்டே போனது. வாயில் வந்ததை, கண்ணில் பட்டதைப் போட்டேன். ஜன்னலுக்கு வெளியே ஒரே மழை. நாலு மணிக்கு முடித்து அனுப்பிவிட்டேன். கிருபாகரன் போனில், "நீங்க இல்லன்னா நான் இல்ல சார்" என்றார்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. 146/92. மகளுக்கு வாங்கிய பட்டாசு பாதி நமுத்துவிட்டது. டாக்டர் குறைந்திருக்கிறது என்று பாராட்டினார்.

நவம்பர் 12, செவ்வாய்

160/102.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து கடிதம். காலாண்டுக் கணக்கில் சில லாரி எண்கள் குறித்து விளக்கம் தேவையாம். நாளை மறுநாள் நேரில் வருகிறார்களாம். கிருபாகரன் எல்லோருக்கும் புதுக் கையுறை, புது முகமூடி வாங்கிவரச் சொன்னார். மடிப்புத் தெரியாமல் கசக்கிக் கொடுக்கச் சொன்னார்.

நவம்பர் 14, வியாழன்

166/104.

வந்த பொறியாளர் பெயர் வெண்ணிலா. முப்பது வயசு இருக்கும். டீ வேண்டாம் என்றார், குளிர்பானமும் வேண்டாம் என்றார், தன் தண்ணீர் பாட்டிலை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கிருபாகரன், நான், திலகவதி, இன்னும் இரண்டு பேர் நின்றோம்.

"பத்து நம்பருக்கு வண்டியே கிடையாது. போக்குவரத்துத் துறையில கேட்டுட்டோம். பதினோராவது நம்பருக்கு வண்டி இருக்கு. ஆகஸ்ட் இருபதாம் தேதி ஒன்பது டன் இருநூத்து நாப்பது கிலோ பழைய கம்ப்யூட்டர் ஏத்திட்டு வந்திருக்கு" என்று சொல்லி, காகிதத்தைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்தார். "வண்டி, ஸ்கூட்டி."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். நானும் சிரிக்கத் தொடங்கினேன் என்று நினைக்கிறேன்.

"உரிமையாளர் பேரு திலகவதி. இங்க யாரு திலகவதி?"

அவள் கை தூக்கினாள். "நாந்தாங்க மேடம். எம் வண்டிதான். அதுல எம் பொண்ணையும் ஒரு தண்ணிக் கேனையும் வெச்சாலே ஆடும் மேடம்."

"எடைச்சீட்டுல இருக்கறது யார் கையெழுத்து?"

அவள் குனிந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். "எங் கையெழுத்துதான்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். சந்தேகமாகப் பார்க்கவில்லை. வகுப்பில் கணக்குப் புரியாத பிள்ளை வாத்தியாரைப் பார்க்குமே, அப்படிப் பார்த்தாள். நான் கோப்பைப் புரட்டினேன்.

அந்த எண் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

164/104. எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஒருவேளை அவளே ஏதாவது ஏற்றியிருக்கலாம். அவளுடைய கடவுச்சொல் அவளிடமும் இருக்கிறது அல்லவா.

நவம்பர் 16, சனி

மேலே எழுதியதை அடிக்கலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

நான்தான் போட்டேன். மழையில் ஜன்னலுக்கு வெளியே நின்ற ஒரே வண்டி அது. அதைப் பார்த்துக்கொண்டேதான் போட்டிருக்கிறேன், போடுகிறோம் என்றே தெரியாமல். ஆறு வருஷமாக எண் என்று கண்ணில் பட்டதையெல்லாம் லாரியாக்கிப் பழகிய கை.

நவம்பர் 18, திங்கள்

168/106.

கிருபாகரன் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "சார், ஸ்கூட்டி அந்தம்மாவோடது. கையெழுத்து அந்தம்மாவோடது. கம்ப்யூட்டர்ல பேரும் அந்தம்மாவோடது. எடைமேடை ஆளு வெளி ஆளுங்களோட சேர்ந்துட்டு எங்களுக்குத் தெரியாம பண்ணிட்டாங்கன்னு சொன்னா முடிஞ்சுது. இருபத்தாறு பேர் பொழப்பு சார் இது."

"போலீஸ் கேஸ் ஆகுமே சார்" என்றேன்.

"மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தா அந்த அளவுக்குப் போகாது." பிறகு, "நம்பர் எப்படி வந்துதுன்னு நான் உங்களை ஒரு வார்த்தை கேக்கல, கவனிச்சீங்களா?" என்றார். கவனித்தேன் என்றேன்.

திலகவதியை விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டுக் கூடையையும் கூண்டில் ஒட்டியிருந்த முருகன் படத்தையும் எடுத்துக்கொண்டு போனாள்.

நவம்பர் 20, புதன்

170/104. மேகலா பயந்துவிட்டாள். பூண்டு வேகவைத்துக் கொடுக்கிறாள்.

சாயங்காலம் திலகவதி வீட்டுக்கு வந்தாள். இருபத்தேழாம் தேதி வாரியத்தில் விசாரணை. அவள் தரப்பை எழுத்தில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்களாம்.

"நான் எழுதினா தப்பும் தவறுமா இருக்கும் சார். நீங்க எழுதிக் குடுங்க. வெறுஞ்சீட்டுல கையெழுத்து கேட்டாங்க, போட்டேன். என்னா ஏத்தறாங்கன்னு எனக்குத் தெரியாது. அவ்ளோதான் சார். கேட்டது யாருன்னு உங்க பேரை எழுத வேணாம். ஆபீஸ்ல கேட்டாங்கன்னு பொதுவா எழுதிக்கங்க. நீங்க மேல சொன்னதத்தானே செஞ்சீங்க."

நான் தலையாட்டினேன்.

"அங்கன்வாடிக்கு போலீஸ்ல வெசாரிக்க வருவாங்க சார். அதுக்குள்ள எம் பேர்ல கேஸ்னு ஒண்ணு ஆச்சின்னா அவ்ளோதான். அத்த மட்டும் பாத்துக்குங்க சார்."

நவம்பர் 22, வெள்ளி

கிருபாகரன் காலையில் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார். கடிதத்தில் என்னென்ன வர வேண்டும் என்று நாலு வரி. "உங்க நடையில போட்டுடுங்க சார்."

சாயங்காலம் திலகவதி வந்தாள். நான் உள் அறையில் உட்கார்ந்து எழுதினேன். அடுப்படியில் மேகலா அவளை உட்கார வைத்து அடை கொடுத்தாள். இரண்டு பேரும் அவியல் பற்றியும், ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொள்வது பற்றியும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. கையெழுத்து முத்து முத்தாக வந்தது. அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை.

"படிச்சுப் பாத்துக்கம்மா" என்றேன். உண்மையில் அதைச் சொல்லும்போது காகிதத்தின் மேல் பாதியை என் கை மூடியிருந்தது.

"நீங்க எழுதினத நான் இன்னா சார் படிக்கறது" என்று அடை தின்ற கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். "வாரியத்துல நானே சேத்துடறேன்" என்று நான் வாங்கி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன்.

பிரஷர் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை.

நவம்பர் 25, திங்கள்

வாரிய அலுவலகத்தில் உறையைக் கொடுத்துவிட்டு வந்தேன். வழியில் மூன்று முறை பஸ்சிலிருந்து இறங்கிவிடலாம் என்று தோன்றியது. இறங்கவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

மேகலா, "அந்தப் பொண்ணு எவ்வளவு நல்ல மாதிரி பேசறா. நாளைக்கு நல்லபடியா முடியும் இல்ல?" என்றாள். முடியும் என்றேன். இப்போது மேகலாவின் முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை.

நவம்பர் 27, புதன்

சின்ன அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் வெண்ணிலா மேடம், அவருடைய மேலதிகாரி ஒருவர். இந்தப் பக்கம் கிருபாகரன், ஒரு வக்கீல், நான். தள்ளி ஒரு நாற்காலியில் திலகவதி. கணவரும் வந்திருந்தார், வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். நல்ல புடவை கட்டி, தலை படிய வாரி, நேர்காணலுக்குப் போகிறவள் மாதிரி வந்திருந்தாள்.

வெண்ணிலா மேடம் உறையைப் பிரித்துத் தனக்குள் படித்தார். முகம் மாறவில்லை. அந்தக் கடிதத்தைத் திலகவதியிடமே கொடுத்து, "நீங்களே வாசிங்க. எல்லாரும் கேக்கட்டும்" என்றார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை.

அவள் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். "மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர், வணக்கம். எடைமேடை ஊழியராகிய நான், நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுவராமல், வெளியாட்களின் தூண்டுதலாலும் எனது சொந்த ஆதாயம் கருதியும்..." நிறுத்தினாள். ஆதாயம் என்ற சொல்லின் மேல் விரல் வைத்திருந்தாள். மறுபடி தொடங்கினாள். "எனது இருசக்கர வாகனத்தின் எண்ணையே சரக்கு வாகன எண்ணாகப் பதிவு செய்துவிட்டேன். என் அறியாமையையும் வறுமையையும் கருத்தில்கொண்டு..."

கடைசி வரிவரை வாசித்தாள். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, திலகவதி. காகிதத்தை மடித்து மேஜையில் வைத்தாள்.

"இது உங்க கையெழுத்தா?"

"கையெழுத்து எந்துதான் மேடம்."

"இதுல இருக்கறதெல்லாம் நீங்க எழுதினதா?"

"இல்லீங்க மேடம். எனக்கு இம்மா நல்லா எழுத வராது."

வக்கீல் குறுக்கே ஏதோ சொல்ல வந்தார். மேடம் கை காட்டி நிறுத்தினார். "அப்போ யாரு எழுதினது?"

திலகவதி என் பக்கம் திரும்பவே இல்லை. மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேடம் மறுபடி கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. வாய் திறந்து ஒரு பெயரைச் சொன்னால் போதும், அவள் தப்பித்துவிடுவாள். சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது.

நான் கை தூக்கினேன். எழுந்து நிற்கவில்லை, உட்கார்ந்தபடியே தூக்கினேன். "நான் எழுதினேன். அந்த எண்ணைப் போட்டதும் நான்தான். அந்தம்மாவுக்கு ஒன்றும் தெரியாது." மேலதிகாரி சத்தமாகச் சொல்லச் சொன்னார். இரண்டாவது முறை சொன்னேன்.

கிருபாகரன் என்னைத் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னை ஒரு தனி அறைக்குக் கூட்டிப்போய், ஆறு வருஷத்து விவரத்தையும் என் கைப்பட எழுதச் சொன்னார்கள். எழுதி முடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. நெடுஞ்சாலை, டீக்கடை, முருகையன் கொல்லை, வெற்றுச்சீட்டு, மழை எல்லாம் எழுதினேன். கம்பெனியின் அங்கீகாரத்தை நிறுத்தி வைக்கிறார்கள். என் மேல் புகார் போகும் என்றார்கள். திலகவதியைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்வதாக மேடம் சொன்னார்.

வெளியே வந்தபோது கிருபாகரனின் கார் போய்விட்டிருந்தது. திலகவதி மட்டும் படிக்கட்டின் கீழே நின்றுகொண்டிருந்தாள். கணவர் ஆட்டோ எடுத்துவரப் போயிருந்தார். எனக்காகத்தான் நின்றாள் என்று நினைக்கிறேன்.

"மன்னிச்சிடும்மா" என்றேன். பலமுறை சொன்னேன். கை கூப்பினேனா, நினைவில்லை.

அவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. "நம்பரு போட்டத வுடு. மழைல கை தவறிப் போச்சி, சரி" என்றாள். ஆறு வருஷத்தில் முதல் முறையாக என்னிடம் ஒருமையில் பேசினாள். "அந்த லெட்டரு. எங்கூட்டு அடுப்பு மாதிரி உங்கூட்டு அடுப்பாண்ட ஒக்காந்து துன்னுக்கினு இருந்தேன். உள்ள நீ எழுதிக்கினு இருந்த. எழுதும்போது நான் உங் கண்ணுல வந்தனா, வர்லயா? அத்த மட்டும் சொல்லு."

"வரலைம்மா. முதலாளி சொன்னதை அப்படியே எழுதிட்டேன். எதுவும் யோசிக்கல" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். ஆட்டோ வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

வந்தாள். எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் என் கண்ணில் வந்தாள். அவள் சிரிப்பு நின்றபோதெல்லாம் பேனாவை நிறுத்திக் காத்திருந்து, அவள் மறுபடி சிரித்த பிறகுதான் அடுத்த வரியை எழுதினேன்.